எடுத்துக்கொடுப்பவர்

“அவர் இன்னிக்கு லேட்டா வந்தார்” என்றது தம்பியின் குரல்.

பேருந்தின் ஜன்னலில் தலையைச் சாய்த்து, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகியிருந்தவள் கண்ணைத் திறந்தாள். நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றே இருந்ததில் கணுக்கால்கள் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்து கிடந்தது. தம்பி அன்றைக்குப் பேசி வைத்ததையெல்லாம் வீடு போய்ச் சேருவதற்குள் கேட்டுவிடுவது அவள் வழக்கம். கேட்பது என்று சொல்வதுகூட அதிகப்படி. அரைத்தூக்கத்தில் அந்தக் குரல் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வெச்சேன். மழை வர்ற மாதிரி இருக்கு. அக்கா வேலைக்குப் போயிருக்கா. அந்தக் குரலுக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்தான். காய்ச்சலுக்கு முந்தைய வாழ்க்கை முழுதும் அவனுக்குள் பத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு நடக்கிற எதுவும் பத்து நிமிஷத்துக்கு மேல் தங்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் மிக்ஸியைப் பிரித்துச் சரிசெய்து மாட்டிவிடுவான். மாட்டி முடித்ததும், “இதை யாருக்கா பிரிச்சுப் போட்டது?” என்று அவளிடமே சண்டைக்கு வருவான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம்தான் இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தாள். கழுத்தில் பட்டையோடு ஒரு போன். மணிக்கொரு தடவை அது அடிக்கும். அடித்தால் பச்சைப் பொத்தானை அழுத்தி, இப்போது என்ன செய்தாய் என்று சொல்ல வேண்டும். ஹாலில் அலமாரி மேல் ஒரு சின்ன கேமரா. வாசல் கதவு திறந்தால் அக்காவின் போனுக்குத் தகவல் வரும். தங்கச்சங்கிலி செய்துபோட்டால்கூட அவன் இவ்வளவு ஒழுங்காகக் கழுத்தில் போட்டிருக்க மாட்டான்.

அவள் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். அவர் இன்னிக்கு லேட்டா வந்தார்.

யாரோ வந்திருக்கிறார்கள் என்பது முதல் பயம். வாசல் கதவு திறந்ததாகத் தகவல் எதுவும் வரவில்லை. இரண்டாவது பயம் பேருந்தைவிட்டு இறங்கி நடக்கும்போதுதான் வந்தது. முதலாவதைவிட அது மெதுவாக, அதிகக் குளிராக வந்தது. தாமதம் என்று சொல்ல வேண்டுமானால், நேற்று எப்போது வந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். தம்பிக்கு நேற்று என்ற ஒன்றே கிடையாது.

வீட்டில் அவன் சோபாவில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

“யாருடா வந்தாங்க இன்னிக்கு?”

“யாரும் வரலையே.” சுற்றிலும் பார்த்தான். “இது யார் வீடுக்கா?”

“நம்ம வீடுதான். புதுசா மாறி வந்தது.”

“அம்மா எங்க?”

“பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. வந்துடுவாங்க.”

காய்ச்சலில் அவன் கிடந்த நாட்களிலேயே அம்மா போய்விட்டாள். முதலில் சில தடவை அக்கா அவனிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அம்மா அப்போதுதான் செத்தாள். ஒவ்வொரு தடவையும் தரையில் புரண்டு அழுதுவிட்டு, முகம் காய்வதற்குள் எழுந்து, “அம்மா எங்கக்கா?” என்று கேட்டான். அதற்குப் பிறகு பெரியம்மா வீடுதான். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல்கூட இப்போது இல்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

அவன் தூங்கிய பிறகு கேமராவில் பதிவானதை ஓட்டிப் பார்த்தாள். மத்தியான வெயில் தரையில் சதுரமாக விழுந்திருக்கிறது. தம்பி சோபாவின் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். சட்டென்று தலையைத் தூக்குகிறான். நீட்டியிருந்த காலை, சினிமாக் கொட்டகையில் பக்கத்து இருக்கைக்காரருக்கு வழி விடுவதுபோல, உள்ளே இழுத்துக்கொள்கிறான். அந்தப் பக்கம் திரும்புகிறான். தலையாட்டுகிறான். வெயில் சதுரம் நகர்ந்து சுவரேறும் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறான். ஒரே ஒரு தடவை, சரியான இடத்தில் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிப்பதுபோல, பல் தெரியச் சிரிக்கிறான்.

வேறு யாரும் இல்லை.

வாரப் பயிற்சிக்கு வந்த மேடத்திடம் சமையலறையில் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

“மூளை காலி இடத்தைச் சும்மா விடாது. தானா எதையாவது இட்டு நிரப்பிக்கும்” என்றாள் மேடம். “அவர் பொய் சொல்லல. நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

“லேட்டுன்னு எப்படி மேடம் தெரியும்?”

மேடம் டீயைக் குடித்தாள்.

ஹாலில் பயிற்சி தொடங்கியது. எப்போதும் போல மூன்று சொற்கள். சாவி, ஆரஞ்சு, படிக்கட்டு. நடுவில் வேறு விளையாட்டுகள், படங்கள், கொஞ்சம் அரட்டை. பிறகு அந்த மூன்றையும் திருப்பிக் கேட்பாள். இந்த இரண்டு வருஷத்தில் அவன் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. எந்தச் சொற்கள் என்றுதான் கேட்பான்.

“நான் சொன்ன மூணு வார்த்தை ஞாபகம் இருக்கா?”

தம்பி தலையை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தான். “சாவி. ஆரஞ்சு. படிக்கட்டு.”

அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். மேடம் வாய்விட்டுச் சிரித்து, கைதட்டி, “எப்படி? எப்படி ஞாபகம் வந்தது?” என்றாள்.

“அவர் எடுத்துக்கொடுத்தார்.”

“யாரு?”

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. தலை சாய்ந்தபடியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும்போது, பின்னால் இருப்பவன் கிசுகிசுப்பதைக் கேட்க ஒரு பையன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பானே, அந்த நிலை.

“குடை, எலுமிச்சை, பாலம்” என்றான். “அது போன வாரம். கத்திரிக்கோல், மேகம், பித்தளை. அது அதுக்கு முந்தின வாரம். விசிறி, கப்பல், உப்பு. அன்னிக்கு நீங்க ஈரத்தலையோட வந்தீங்க. மணி, ஏணி, சீப்பு. அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் போன் பண்ணிப் பண்ணித் திட்டினார்.”

மேடத்தின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. தம்பி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான், வாரம் வாரமாக, பின்னோக்கி, சீரான குரலில். பேனா மூடியைப் போடக்கூடத் தோன்றாமல் மேடம் எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அக்கா போன் செய்தாள். அதே குரல், அதே கனிவு.

“மன்னிக்கணும், நீங்க யார் பேசறீங்க?”

சொன்னாள். தம்பியைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், இரண்டு வருஷத்தைச் சொன்னாள்.

“இல்லம்மா. அப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லையே” என்றாள் மேடம். நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

அப்போதே அந்த வீட்டைவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவள் களைத்திருந்தாள். அந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் போகிற களைப்பில்லை, துணியில் ஏறிய சாயம் மாதிரி. அந்த நாட்களில் தம்பியும் தேறிக்கொண்டே வந்தான். மணி அடிக்காமலே மாத்திரை போட்டுக்கொண்டான். அடுப்பை அணைத்தான். ஒரு நாள் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போது, “கால் இன்னும் வீங்கியிருக்கா? நேத்தே சொன்னேனே, உட்கார ஒரு ஸ்டூல் கேளுன்னு” என்றான்.

நேத்தே சொன்னேனே. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வந்தவர் யாராக இருந்தால் என்ன என்று அன்றைக்கு நினைத்தாள். கடவுளோ, பேயோ, காற்றோ, கொஞ்சமாவது பாரம் இறங்குகிறதே. இயர்போனைப் பைக்குள் போட்டாள். கேமராவைப் பார்ப்பதை விட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள்.

கடையில்தான் முதலில் தெரிந்தது. வருஷக்கணக்காக வாங்கிப்போகும் ஒரு பெரியவர் சீட்டை நீட்டியபோது அந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. முதலாளி, “என்னம்மா, நின்னுக்கிட்டே தூங்கறியா?” என்று கிண்டல் செய்தார். அவளும் சிரித்தாள். பிறகு பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தம் பார்த்த இடமாகவே படவில்லை. அது தாண்டிப் போனபிறகுதான் உறைத்தது. அசதி, என்று சொல்லிக்கொண்டாள். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கு என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அசதிதான். வேறென்ன.

ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தபோது வீடு இருட்டாக இருந்தது. தம்பி தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது.

“அம்மா செத்து ரெண்டு வருஷம் ஆச்சாமே. ஏன்க்கா சொல்லல?”

“யாருடா சொன்னது?”

“நான் கேட்டப்பல்லாம் நீ என்ன சொன்னேன்னு அவர் எல்லாத்தையும் சொன்னார். ஒண்ணு விடாம.”

அவன் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சும்மா அவளையே பார்த்தான். அன்று அழுதது மறுநாள் மறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் மறக்கவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, எல்லாரும் துக்கம் சுமப்பதுபோல, அவனும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இதைத்தான் இவ்வளவு நாளும் வேண்டினோமா என்று நினைத்தாள்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று மறுநாள் காலையில் முதலாளிக்குப் போன் செய்து லீவு சொன்னாள். சமைத்தாள். தம்பிக்குப் போட்டுத் தானும் சாப்பிட்டாள். பிறகு ஹாலில், சோபாவுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

மத்தியானம் நீண்டது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்று சொடுக்கியது, கீழே எங்கோ யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தமும் அதனோடு சேர்ந்தும் விலகியும் கேட்டது, குளிர்சாதனப் பெட்டி முனகி முனகி அடங்கியது, சூடான சிமெண்டின் வாசனையும் மதியச் சாப்பாட்டின் மிச்ச வாசனையும் திரைச்சீலைக்குப் பின்னால் தேங்கி நின்றன, தரையில் விழுந்த வெயில் சதுரம் பார்க்கும்போது அசையாமலும் பார்க்காதபோது நகர்ந்தும் சோபாவின் காலைத் தொட்டது. தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். அவள் இமை கனத்தது. கிள்ளிக்கொண்டாள். மறுபடி கனத்தது.

துணி துவைக்கும் சத்தம் நின்றது.

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சொடுக்கும் சத்தம் மட்டும் இல்லை.

வெயில் படாமல் மூடிய அறைக்குள்ளேயே காய்ந்த துணியின் வாசனை வந்தது. மெல்ல வந்தது. வாசல் பக்கத்திலிருந்து இல்லை. அவளுக்குப் பின்னால் இருந்து. அவளைக் கடந்து போயிற்று.

தம்பி காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

சோபாவின் மறுமுனையில் மெத்தை அமுங்கியது. கொஞ்சமாக. பிறகு இன்னும் கொஞ்சம்.

“யாரு?” என்றாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டாள். “யாரு நீங்க? என் தம்பிகிட்ட என்ன வேணும்?”

தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு அவளைப் பார்த்தான். பாவமாகப் பார்த்தான்.

“நேத்தும் இதையேதான் கேட்டியாம்க்கா.”

“என்ன?”

“தினமும் இதேதான் கேக்கறே. இதே நாற்காலியைப் போட்டுக்கிட்டு.”

“நேத்து நான் கடையில இருந்தேன்டா.”

“நீ கடைக்குப் போய் ரொம்ப நாளாச்சுக்கா.”

போனை எடுத்தாள். அது திறக்கும் எண்ணைக் கேட்டது. நான்கு எண்கள். விரல் கண்ணாடிமேல் நின்றது. முதல் எண் என்ன? தம்பி எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஒவ்வொன்றாக அழுத்தினான்.

முதலாளி எடுத்தார். “காலையிலதானேம்மா பேசினே? லீவெல்லாம் எதுக்கு. உன் இடத்துக்கு ஆள் போட்டாச்சுன்னு நானும் தினம் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.” கொஞ்சம் இறங்கிய குரலில், “தம்பி கூட இருக்கானா? அவன்கிட்ட குடும்மா” என்றார்.

அவள் கொடுக்கவில்லை. எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டு. மேலேயும் போயிற்று, கீழேயும் போயிற்று. எதிரே யாருடைய வீட்டுக் கதவோ. பச்சைப் பெயின்ட். அதை அவள் பார்த்ததே இல்லை. கீழே தெரு இருக்கும், தெருவில் வலப்பக்கமோ இடப்பக்கமோ பேருந்து நிறுத்தம் இருக்கும். எந்தப் பேருந்து? எங்கே போக? ஒரு காலைப் படியில் வைத்தவள் அப்படியே நின்றாள். இறங்கத்தான் வந்தோமா, ஏறி வந்தோமா?

முழங்கையை ஒரு கை பிடித்தது. தம்பியின் கை.

“வாக்கா. உள்ள வா.”

“விடுறா. வா, ரெண்டு பேரும் போயிடலாம்.”

“நான் கேட்டுப் பார்த்துட்டேன்” என்றான். அழுதுகொண்டிருந்தான். “உன்னை விட்டுடச் சொல்லித் தினமும் கெஞ்சறேன். நீ நல்லாத் தூங்கறியேன்னு சொல்றார்.”

கூட்டிப்போய் சோபாவில் உட்கார வைத்தான். நடுவில். ஜன்னல் பக்கம் அவன் உட்கார்ந்துகொண்டு அவள் கையைத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டான். அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. அவளுடைய மறுபக்கம் குளிர்ந்திருந்தது.

“பயப்படாதே. திரும்பிப் பாரு. பார்த்துட்டா அடங்கிடும். தினமும் அப்படித்தான்.”

அவள் பார்க்க மாட்டேன் என்று தலையசைத்தாள்.

அந்த வாசனை வெகு பக்கத்தில் இருந்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்து, பேசுவதற்கு முன்பு காத்திருப்பது போல ஒரு நிறுத்தம்.

திரும்பினாள்.

ஒருவர் உட்கார்ந்திருந்தார். முட்டி இரண்டையும் சேர்த்து, கைகளை அவற்றின்மேல் வைத்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முறை வருவதற்காகக் காத்திருப்பவரைப் போல, அடக்கமாக, அலுப்பே இல்லாமல். முகம் அவள் பக்கம் இருந்தது. அவள் நெற்றியைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். கண்களைப் பார்த்தாள், பார்த்ததும் நெஞ்சில் ஏதோ அறுந்தது. மூக்குக்கு வந்தபோது கண்கள் எப்படி இருந்தன என்பது போய்விட்டது. வாய் அசைந்துகொண்டிருந்தது. அவளிடம்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. தாடைக்கு வந்தபோது வாய் இல்லை, நெற்றி இல்லை, யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது இல்லை.

ஜன்னல் பக்கம் யாரோ ஒரு ஆள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

அவள் மறுபடி நெற்றியிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.